பத்திய உணவு

பத்தியம் என்பது, நோய் தீரும்பொருட்டோ, உண்ணும் மருந்தின் வீரியம் குன்றாதிருக்கும்பொருட்டோ, சில ஆகாரங்களை வரையறுத்த காலத்துக்கு நீக்கி, எஞ்சியவற்றைக்கொண்டு தேகத்தைப் பேணும் முறையாகும். பாதை என்று பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு, வழிக்கு உகந்தது, அதாவது தேகத்துக்கு ஏற்றது என்பதே மூலப்பொருள். ஆயினும் தமிழ் வழக்கில் அது ஏற்றதைக் காட்டிலும் விலக்கியதைக் குறிப்பதே மிகுதி. ‘பத்தியம் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. எதைச் சாப்பிடக்கூடாது என்றே கேட்கிறார்கள். இந்தக் கேள்வி மாற்றத்தால் விளைந்த நஷ்டம் சிறிதன்று.

சித்த வைத்தியம் பத்தியத்தைப் பலவாக வகுக்கிறது. இச்சாபத்தியத்தில் கடுகு, நல்லெண்ணெய், பூசணி, கடலை, தேங்காய், மா, பலா, பெருங்காயம், வெள்ளுள்ளி, பாகல், அகத்தி ஆகியவற்றோடு, புகையிலையும் மதுவும் ஸ்திரீ போகமும் விலக்கப்படும். உப்பையும் புளியையும் அறவே நீக்கும் கடும்பத்தியங்களும் உண்டு. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது வைத்தியர் அறிந்தது மட்டுமின்றி வீட்டுப் பாட்டிமாரும் மறவாத விதி. மருந்துண்ணும் நாள்கள் கழிந்த பின்னும், நீக்கியவற்றை ஒரே நாளில் இலையில் குவித்துவிடாமல், சில காலம் கட்டுப்பாட்டோடு இருந்து மெல்ல மீள்வதற்கு மறுபத்தியம் என்று பெயர். பத்தியத்தின் பாதி இதுவே எனலாம். எளிதில் மறக்கப்படும் பாதியும் இதுவே.

மேல்நாட்டு வைத்தியத்தில் இதை ஒத்த விலக்கு உணவு முறையைப் பிரசித்தமாக்கியவர், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் ரோ. 1920-களில் தொடங்கிய தம் ஆராய்ச்சியை அவர் 1941-இல் நூலாகவும் வெளியிட்டார். இரண்டுக்கும் நோக்கத்தில் பேதம் உண்டு என்பதை மறைக்கலாகாது. சித்தரின் பத்தியம் பெரும்பாலும் மருந்துக்குக் காவல். ரோவின் முறையோ துப்புத் துலக்குவது. சந்தேகத்துக்குரிய உணவுகளை இரண்டு முதல் ஆறு வாரம்வரை நீக்கி, உபாதை தணிகிறதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, குற்றவாளி எது என்று கண்டுபிடிப்பதே அதன் கிரமம். குடல் உபாதை உள்ளவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த, ஃபாட்மேப் எனப்படும், குடலில் எளிதில் புளிக்கும் மாவுப்பொருள்கள் குறைந்த உணவு முறையும் இந்த வழியில் வந்ததே. அதில் வெங்காயமும் பூண்டும் முதலில் நீங்குகின்றன. அவற்றிலுள்ள ஃப்ரக்டான் எனும் மாவுப்பொருள் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆதலால் பூண்டை எண்ணெயில் பொரித்து, பல்லை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால், வாசம் தங்கும், வயிறும் பொறுக்கும்.

பத்தியச் சமையலைச் சுவையற்ற சமையல் என்று கருதுவோர், அதை நல்ல கைப்பக்குவத்தில் உண்ணாதவர்கள். மிளகாய் போர்ச்சுக்கீசியரால் வந்து சேர்வதற்கு முன் தமிழர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். உருளைக்கிழங்கும் தக்காளியும் அதன் பின்னரே வந்தவை. மிளகும் சீரகமும் அரைத்துவிட்ட குழம்பு, தூதுவளை ரசம், மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், பிரண்டைத் துவையல் என்று பத்தியக்காரருக்கு இடும் இலையைப் பார்த்தால், வந்தேறிக் காய்கள் நுழையாத பழைய அடுக்களை ஒன்று நோயாளியின் பெயரைச் சொல்லி இன்றும் உயிரோடிருப்பது தெரியும். திவசச் சமையலும் இவ்வாறே மிளகைக் காத்து வருகிறது. பிதிர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒரே ருசியை விதித்த முன்னோரின் மனநிலை தனியே ஆராயத்தக்கது.

இன்றைய நகரத்தில் பத்தியம் காப்பது வேறு கதை. மதுரை மாநகரின் வடபாலுள்ள ஆனையூர் போன்ற பகுதியில் வசிக்கும் ஒருவர், கோதுமையை நீக்கவேண்டி வந்தால், அவருக்கு முதல் சோதனை மாலைவேளைப் பரோட்டாக் கல்லின் ஓசையே. அது கண்ணுக்குத் தெரிந்த சத்துரு. தெரியாதவை வேறு உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது சர்வ சாதாரணம். ஆகவே கோதுமை படாத சாம்பார் என்று நினைத்து உண்டதில் கோதுமை இருந்துவிடுகிறது. ரவையும் சேமியாவும் கோதுமையின் மாறுவேஷங்கள். பொட்டலத்தின் மேல் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடவேண்டும் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அந்தப் பொடி எழுத்தை வாசிக்கும் பொறுமை பத்தியக்காரருக்கு இன்றியமையாதது.

கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலைப் பழுதாக்கும் சீலியாக் நோய், தென்னகத்தில் அபூர்வம். 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே நூற்றுக்கு 0.10 பேருக்கும் அது இருப்பதாகக் கண்டது. அந்நோய் இருக்குமோ என்று ஐயுறுவோர், ரத்தப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால், பரிசோதனை நோயைக் காட்டாமல் போகக்கூடும். நிறுத்துவதற்கு முன் வைத்தியரைக் காண்பதே முறை. நோய் உறுதியானால் அது ஆயுட்காலப் பத்தியம். அதற்கு மறுபத்தியம் கிடையாது. நல்லவேளையாக, அரிசி மண்ணில் பிறந்தவருக்கு இந்த விரதம் அத்தனை கடினமன்று. இட்லியும் இடியாப்பமும் இருக்கவே இருக்கின்றன. மதுரை, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளையும் குதிரைவாலியிலும் குளூட்டன் இல்லை. அதைச் சோறாகப் பொங்கி, கீரைக் கூட்டோடு உண்பவர் எதையும் இழந்ததாகச் சொல்லமாட்டார்.

பாலை நீக்குவோர் நிலை சற்று வேறு. சுவையைக் காட்டிலும் சுண்ணாம்புச் சத்தே இங்கே கவலைக்குரியது. 100 கிராம் பசும்பாலில் அது ஏறத்தாழ 120 மில்லிகிராம். அதே எடைக் கேழ்வரகிலோ 350 மில்லிகிராம் அளவில் உள்ளது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை ஆகியவை அன்றாடம் இடம் பெற்றால் குறை பெரும்பாலும் நிவர்த்தியாகும். வளரும் குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கை வைத்தியரிடமோ உணவியல் நிபுணரிடமோ விட்டுவிடுவது விவேகம். மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பால், பெயரளவில்தான் பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. பாலில் செய்யும் ஜிகர்தண்டாவுக்கு இந்தச் சலுகை இல்லை.

விலக்கு முறையால் உபாதை தணிந்தவுடன், நீக்கியவை அனைத்தையும் நிரந்தரமாக நீக்கிவிடும் பழக்கம் பெருகிவருகிறது. ஐந்து பொருளை நிறுத்திச் சுகம் கண்டவர், ஐந்தும் விஷம் என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் குற்றம் ஒன்றினுடையதாகவே இருக்கலாம். பருப்பும் பாலும் முட்டையும் ஒருசேர நீங்கிய இலையில், நோய் தணிந்த இடத்தைச் சோகை வந்து பிடித்துக்கொள்ளும். மறுபத்தியத்தின் பிரயோஜனம் இங்கேதான் விளங்குகிறது. ஒரு பொருளைச் சிறிதளவில் தொடங்கி, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே உண்டு, வயிறு, தோல், மூச்சு இவற்றின் நிலையை ஒரு நோட்டில் குறித்து, தீங்கில்லையெனக் கண்ட பின்னரே அடுத்த பொருளைச் சேர்க்கவேண்டும். இரண்டைச் சேர்த்துச் சோதித்தால் நோட்டு பயனற்றதாகிவிடும். முன்னொரு தரம் ஏதேனும் ஓர் உணவால் உதடு வீங்கியோ மூச்சுத் திணறியோ தவித்தவர், அவ்வுணவை ஒரு துளி அளவுகூட வீட்டில் சோதிக்கலாகாது. அத்தகைய சோதனை, உடனே ஊசி போட ஆயத்தமாக வைத்தியர் அருகிருக்கும் ஆஸ்பத்திரியில் மட்டுமே நடக்கத்தக்கது.