முன்னெழுத்தாக ஒரு மாத்திரை

1936இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில், சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்குச் செயற்கை வேதிப்பொருள்களைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் சார்லஸ் டாட்ஸ். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்றுத் தேடினார். சோதித்தவற்றுள் பிஸ்பினால் ஏ ஒன்று. ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்தது, ஆனால் வீரியம் குறைவு. 1938இல் அதைவிடப் பன்மடங்கு வீரியமான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் கிடைத்தது. சுருக்கமாக, டெஸ்.

கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்கு டெஸ் எழுதிக்கொடுத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 800க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, இன்ன மாத்திரை என்று சொல்லாமலே கொடுத்துச் சோதித்தார்கள். பயனில்லை என்ற முடிவு 1953இல் அச்சேறியது. அதன் பிறகும் 18 ஆண்டுகள் மாத்திரை தொடர்ந்தது. பிள்ளைக்கு ஏங்குகிறவளிடம் எதையும் விற்கலாம் என்பதுதான் இதில் நான் காணும் காரணம்.

நம் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து அமர்வதற்கென்று இடம் உண்டு. உருவம் ஒத்த வேதிப்பொருளும் அதில் அமர்ந்துகொள்ளும். கருவில் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் அமர்ந்தால், விளைவு அந்தக் குழந்தை பெரியவளான பிறகுகூடத் தெரியவரலாம். 1971இல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் மிக அரிதான யோனிப் புற்றுநோய் கண்ட எட்டு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் டெஸ் உண்டவர்கள். அந்த மாத்திரையாக இருக்குமோ என்று முதலில் கேட்டவரும் ஓர் அம்மாதான். அந்தப் பெண்களுக்கு ‘டெஸ் மகள்கள்’ என்றே பெயர் நிலைத்தது. அப்பாவின் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கிற நமக்கு, மாத்திரையை முன்னெழுத்தாகச் சுமப்பது என்னவென்று கொஞ்சம் புரியும்.

மருந்தாகாமல் போன பிஸ்பினால் ஏ என்ன ஆயிற்று? 1950களில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக மறுபிறவி எடுத்தது. பால்புட்டியானது, தண்ணீர்க் கேனானது. உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் சேர்ந்தது. 1998இல் கிளீவ்லாந்தில் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எதுவும் செலுத்தப்படாத எலிகளின் சினைமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு திடீரெனப் பெருகியது. கூண்டுகளைத் தவறான சோப்பால் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்து, பிஸ்பினால் ஏ கசிந்திருந்தது.

இதைத் தற்செயல் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள். டாட்ஸின் கட்டுரை அச்சாகி அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.