பதினாறாவது பிரேம்

பெரிய மாமாவின் கருமக்கிரியை முடிந்த மறுவாரம் அவருடைய அறையை ஒழித்தோம். அலமாரிக்கு மேலே ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று புளிப்பு வாடை. "என்னாது இது, ஊறுகா டின்னா?" என்று பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே மெல்லிய தாள் உறைகளில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் இரண்டு மஞ்சள் அட்டைப்பெட்டிகளில் சிலைடுகளும் இருந்தன.

மாமா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். தோட்டத்திலேயே சொந்தமாகக் கேமரா வைத்திருந்த தமிழர் அவர் ஒருத்தர்தான் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் எங்கே நின்றது, பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று காட்ட ஒரு கல்கூட மிச்சமில்லை. அந்த டின் மட்டும் மிச்சம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தாத்தாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, ஏதோ பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு, பெரியம்மா கல்யாணத்துக்குக்கூட இருக்காமல் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். "ரோசக்காரன், போனவன் திரும்பியே பாக்கல." கதை அவ்வளவுதான். எந்தத் தீபாவளிக்குப் பேச்செடுத்தாலும் அதே நான்கு வரி. வீட்டு ஆல்பத்திலும் அவர் படம் ஒன்றுகூட இல்லை. பெரியம்மாவின் கல்யாணப் படத்தில் மட்டும் வலது ஓரத்தில், தாத்தாவின் தோள்மேல் யாருடையதோ நான்கு விரல்கள் இருக்கும். சின்ன வயதில் அது பேயின் கை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

டின்னில் இருந்தவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பழைய ஃபிலிம் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பட்டையில் ஆறு பிரேம். ஒன்றை ஸ்கேன் செய்ய இரண்டு மூன்று நிமிடம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டியதில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அங்குலத்துக்கு 3200 புள்ளி வைத்தாலே போதும். 24க்கு 36 மில்லிமீட்டர் ஃபிலிமில் இருந்து கிட்டத்தட்ட 1 கோடியே 37 லட்சம் புள்ளிகள் கிடைக்கின்றன. மாமா கழுவி வாங்கிய அந்தச் சின்னச் சின்னப் பிரிண்ட்களில் இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

முதலில் அந்த வாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். பழைய ஃபிலிம்களின் அடித்தளம் பெரும்பாலும் அசிட்டேட். சூட்டிலும் ஈரத்திலும் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். புளிக்காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். வெளிவரும் அமிலமே மேலும் சிதைவை வேகப்படுத்தும். காற்றுப் புகாத டின்னில் மூடி வைத்தால் அமிலம் உள்ளேயே தங்கி, நன்றாக இருக்கும் ஃபிலிமையும் கெடுத்துவிடும். பிறகு ஃபிலிம் சுருங்கும், நெளியும், படம் தங்கியிருக்கும் ஜெலட்டின் படலம் சுருக்கம் விழுந்து உரியும். வெயிலும் மழையுமான நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். போதாததற்குப் பூஞ்சணம் வேறு. பத்திரமாக இருக்கட்டும் என்று மாமா இறுக்கி மூடிய மூடிதான் உள்ளே இருந்ததைத் தின்றுகொண்டிருந்தது.

மஞ்சள் பெட்டியில் இருந்த சிலைடுகளுக்கு அதிகச் சேதம் இல்லை. அவை கோடாக்குரோம். இருட்டில் வைத்தால் அதன் வண்ணம் அவ்வளவு எளிதில் மங்காது. 1935-இல் தொடங்கிய அந்த ஃபிலிமை நிறுவனம் 2009-இல் நிறுத்தியது. மறு ஆண்டு முடிவோடு அதைக் கழுவித்தந்த கடைசிக் கூடமும் கழுவுவதை நிறுத்திவிட்டது. சிலைடுகளில் பள்ளி விளையாட்டுப் போட்டி, தைப்பூசம், மாமாவின் முதல் மோட்டார் சைக்கிள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. சந்தோஷமான நாளுக்கு வண்ண ஃபிலிம், மற்றதற்குக் கறுப்பு வெள்ளை என்று மாமா கணக்கு வைத்திருந்தார் போல.

கறுப்பு வெள்ளையில்தான் வேலை அதிகம். வண்ண ஃபிலிமில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து மென்பொருளே அழித்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால் இயந்திரம் முகத்தையும் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊதுகுழாயால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, மிச்சத்தைத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நீக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்யும்போது முகங்களை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்த்தாக வேண்டும். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது உறையில் ஆறு பட்டைகள். ஃபிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதிந்துவரும் எண்கள் 1 முதல் 36 வரை விடாமல் ஓடின. ஸ்கேனரின் சட்டத்துக்குள் ஓரம் மறைந்துவிடும் என்பதால் பட்டைகளை டேப்லெட்டின் வெள்ளைத் திரைமேல் வரிசையாக வைத்துக் கைபேசியில் தனியாகப் படமெடுத்தேன். கடைக்காரர் கத்தரிக்கோலால் சற்றுச் சாய்வாக வெட்டியிருந்தார். ஒரு பட்டையின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் பொருந்தின. சந்தேகமே இல்லை, எல்லாம் ஒரே சுருள்.

10 முதல் 27 வரை பெரியம்மாவின் கல்யாணம். 16-ஆவது பிரேம்தான் ஆல்பத்தில் இருக்கும் அந்தப் படம். திரையில் முழுதாக வந்தபோது வலது ஓரத்தில் பேயின் கைக்கு ஓர் ஆள் கிடைத்தார். ஒல்லியாக, தாத்தாவின் அதே மூக்கோடு, அண்ணன் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பிரிண்ட் போட்டபோது அவரை வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் சின்னத் தாத்தா கல்யாணத்துக்கு இருந்திருக்கிறார். 28 முதல் 36 வரை துறைமுகம்: டிரங்குப் பெட்டிகள், பாய்ச்சுருள்கள், கப்பலின் பக்கவாட்டு, கையாட்டும் கூட்டம். 33-இல் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரித் தெரியவில்லை.

என்னை உட்காரவைத்தது முதல் ஒன்பது பிரேம்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பின்னால் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறது. அதன் மடிப்புக்கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில். மார்புவரை, நேர்ப்பார்வை, சிரிப்பில்லை. பாஸ்போர்ட் படங்கள். ஆறாவது முகம் சின்னத் தாத்தா.

இந்த மாதிரிப் படத்துக்கு நம் தோட்டங்களில் ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. படமும் கைரேகையும் வேண்டும். தோட்டத்தில் பலருக்கு வாழ்க்கையின் முதல் புகைப்படமே அதுதான். அதற்கு முந்தைய படங்களில் நாம் இருந்தாலும் பெயரில்லாமல்தான் இருந்தோம். சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற வெள்ளைக்காரர் ஸ்டூடியோக்கள் இருந்த காலத்தில் தமிழர்களைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். கீழே ஊரும் பேரும் இருக்காது. இனம் மட்டும் இருக்கும்.

1948-இல் அட்டை வந்தது. 1957-இல் விடுதலை வந்தபோது அட்டையின் நிறம் முக்கியமானது. விடுதலை நாளுக்குப் பின் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். இந்தியாவில் பிறந்து வந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை ஆண்டு இருந்தேன் என்று காட்ட வேண்டும். பால்மரத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஓடியவர்களில் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. என்னாத்துக்கு, இங்கதான இருக்கோம் என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் கையில் சிவப்பு ஐ.சி. தங்கிவிட்டது. பிறகு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கினார்கள். குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட் கிடைக்காமலோ, கிடைக்காது என்ற பயத்திலோ சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்று நூல்களில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பள்ளியில் நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

பெரியம்மாவின் கல்யாணப் பத்திரிகையில் இருப்பது 1970, தை மாதம்.

மடிக்கணினியைப் பெரியம்மா முன்னால் வைத்தேன். முதலில் கண்ணாடி இல்லை என்றார். எடுத்து வந்து கொடுத்தேன். 33-ஆவது படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சண்டையெல்லாம் ஒன்னும் இல்லடா. அப்பாவுக்கு நீல ஐ.சி. கெடச்சிருச்சி. அவருக்குத் தெரிஞ்ச கிராணி ஒருத்தர் பாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தாரு. சித்தப்பாவுக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு அப்பாவே சொல்லிக்கிட்டு இருந்துட்டாரு. அப்புறம் சட்டம் வந்திருச்சி. என் கல்யாணம் முடியட்டும்னுதான் சித்தப்பா காத்திருந்தாரு. ரஜூலா கப்பல்ல போனாரு."

"அப்ப படத்துல ஏன் வெட்டினாங்க?"

"அப்பாதான் வெட்டச் சொன்னாரு. பாக்க முடியலன்னாரு. அப்புறம் பிள்ளைங்க கேக்குறப்ப சண்டைன்னு சொல்லிட்டாரு. அதுவே நெலச்சிருச்சி."

நெகட்டிவ் எல்லாவற்றையும் நிரூபிப்பதில்லை. எது முன், எது பின் என்று மட்டும்தான் சுருள் சொன்னது; ஏன் என்பதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த வரிசை கையில் இல்லாவிட்டால் அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியே இருந்திருக்காது. ஆல்பத்தைக் குடும்பம் அடுக்குகிறது; வேண்டாததை வெட்டலாம், இடம் மாற்றலாம். சுருளின் ஓரத்து எண்ணை மாற்ற முடியாது. ஒரு சட்டம் செய்ததை ஒரு தாத்தா தன் குற்றமாக எடுத்துக்கொண்டார்; தாங்க முடியாமல் அதைத் தம்பியின் ரோசமாக மாற்றினார். நம் வீடுகளில் சொல்லப்படும் எத்தனை பங்காளிச் சண்டைகளுக்கு அடியில் இப்படி ஒரு சிவப்பு அட்டை கிடக்கிறதோ என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது எதையும் தூக்கிப்போடுவதில்லை. மங்கியது, ஆடியது, பாதி விழுந்தது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன். கோப்புக்குச் சுருள் எண், பிரேம் எண், அப்புறம்தான் பெயர். ஸ்கேன் ஆன பிறகும் நெகட்டிவ்களை வைத்திருக்கிறேன். டின்னில் அல்ல, காற்றுப் போகும் காகித உறைகளில், வாடை வந்ததைத் தனியாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவோடு உட்கார்ந்து முதல் ஒன்பது முகங்களுக்குப் பெயர் எழுதினோம். ஐந்து பேரைச் சட்டென்று சொன்னார். ஒருவருக்குப் பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் வந்தது. ஒருத்தியைப் பார்த்து, "இவ எங்கூட ஒரே நெரையில பால் வெட்டுனவ, பேரு நாக்குல நிக்குது" என்றார். அடுத்த வாரம் வரட்டும் என்று அந்தக் கோப்பின் பெயரை எண்ணோடு விட்டுவைத்திருக்கிறேன். இன்னொரு கோப்பிலும் எண் மட்டும்தான் இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் இப்போது நாகப்பட்டினம் பக்கம் எங்காவது இருக்கலாம்.