பயறும் பட்டாணியும்: பச்சையவுருமணிப் பரம்பரையலகுகளின் ஒப்பீட்டு வரலாறு

பச்சையவுருமணி, இலைக் கலத்தில் ஒளித்தொகுப்பு நிகழும் புன்னங்கம். அதற்கெனத் தனி டிஎன்ஏ உண்டு என்பதற்கு ஹான்ஸ் ரிஸ், வால்ட்டர் பிளாட் இருவரும் 1962இல் ஒரு பாசியில் சான்று காட்டினர். அந்த டிஎன்ஏயில் பரம்பரையலகுகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று தாவரத்துக்குத் தாவரம் ஒப்பிட்டவர்களுக்குப் பெரும் வெளிச்சம் தந்தது அவரைக் குடும்பம். கொழும்பு புதுக்கடையின் பலசரக்குக் கடைகளில் பயறு, கடலை, பட்டாணி, கச்சான் என்று நாள்தோறும் நிறுத்து விற்கப்படுவது அந்தக் குடும்பம்தான்.

பெரும்பாலான தாவரங்களின் பச்சையவுருமணி டிஎன்ஏயில் ஒரு நீண்ட பகுதி இரு தடவை, ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்திருக்கும். கொலொட்னரும் திவாரியும் 1979இல் ஸ்பினாச், லெட்டூஸ், சோளம் ஆகியவற்றில் இந்த இரட்டைப் பகுதியைக் கண்டனர். பட்டாணியில் அது இல்லை.

1981இல் ஜெஃப்ரி பாமரும் வில்லியம் தொம்சனும் பயறையும் பட்டாணியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டனர். முழு டிஎன்ஏயையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் வசதி அன்று இல்லை. குறித்த இடங்களில் மட்டும் வெட்டும் நொதியங்களால் அதைத் துண்டாக்கி, துண்டுகளைப் பொருத்திப் பார்த்தே வரிசையைக் கணித்தார்கள். பொறுமை கேட்ட வேலை, பலனும் பெரிது. இரட்டைப் பகுதியைக் காத்துவைத்த பயறோடு ஒப்பிட்டால், அதை இழந்த பட்டாணியின் வரிசை பல இடங்களில் புரண்டு கிடந்தது. இழப்புத்தான் வரிசையைத் தளர்த்துகிறது என்று அடுத்த ஆண்டே இருவரும் வாதிட்டனர். அது எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்தவில்லை: மிகப் பெரிய இரட்டைப் பகுதி கொண்ட பெலர்கோனியத்திலும் வரிசை பெரிதும் மாறியுள்ளது.

1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புகையிலையினதும் ஈரலுருத்தாவரமான மார்க்கான்சியாவினதும் முழு வரிசைகளை வெளியிட்டனர். அதன்பின் ஒப்பீடு எண்களிலேயே நடந்தது. 2008இல் வெளியான கடலையின் நீளம் 125,319 மூலச் சோடிகள். 2010இல் வெளியான பயறினது 151,271. இடைவெளி ஏறக்குறைய 26,000. கடலை இழந்துவிட்ட ஒரு பிரதியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

வரிசை மாறுவதோடு பரம்பரையலகுகள் இடம்பெயர்வதும் உண்டு. பல தாவரங்களின் பச்சையவுருமணியில் காணப்படும் ஆர்பிஎல்22 அவரைக் குடும்பத்தில் அங்கே இல்லை. 1991இல் கான்ட் குழுவினர் பட்டாணியில் அதைக் கலக் கருவுக்குள் கண்டறிந்தனர். அங்கிருந்து அது ஆக்குவிக்கும் புரதம் பச்சையவுருமணிக்குள் சென்றே பணியாற்றுகிறது.