தள்ளுதல், இழுத்தல், தூக்குதல்

2010ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் வென்று, இந்திய வருவாய்ப் பணிக்கான இடத்தைப் பிடித்தார் இரா சிங்கல். பணியாணை வரவில்லை. முதுகெலும்பு வளைந்த அவரால் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. வரி அதிகாரி எதைத் தூக்க வேண்டும்?

அந்த மூன்று சொற்களும் யாரோ ஒரு மருத்துவர் போகிற போக்கில் சொன்னவை அல்ல. அரசுப் பட்டியலில் உள்ளவை. எந்தப் பணிக்கு எந்த ஊனமுள்ளவர் பொருத்தமானவர், அவர் உட்கார வேண்டுமா, நிற்க வேண்டுமா, குனிய வேண்டுமா, தூக்க வேண்டுமா என்று பணிவாரியாக அதில் எழுதியிருக்கும். மத்திய அரசின் 'சி', 'டி' பிரிவுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு 1977இலேயே வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகளுக்குத் தலா 1 சதவீதம். ஆனால் ஒதுக்கீடு பட்டியலில் உள்ள பணிகளுக்கு மட்டுமே என்று அதிகாரிகள் பொருள் கொண்டார்கள். இப்படியாக, வாசலைத் திறக்க வந்த பட்டியலே தாழ்ப்பாள் ஆனது. மொத்தக் காலியிடங்களையும் வைத்தே 3 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதமாக்கியது.

இந்தப் புதிய சட்டத்தின் 37ஆம் பிரிவை என் மாணவிகளிடம் படித்துக்காட்டுவது வழக்கம். நிலம், வீடு, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஊனமுற்ற பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது அது. வேலை ஒதுக்கீட்டைப் பேசும் 34ஆம் பிரிவில் பெண் என்ற சொல்லே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊனமுற்ற ஆண்களில் 47 சதவீதத்தினர் வேலை செய்பவர்கள். பெண்களில் 23 சதவீதத்தினர் மட்டுமே. மீதிப் பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்க்கலாம்.

இரா சிங்கல் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2014இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டுத் தேர்வை மறுபடி எழுதி, நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் அன்று நினைவில் வந்தவள் வேறொருத்தி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் படித்தவள். போலியோவால் ஒரு கால் சூம்பியிருந்தது. விடியற்காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து, காலை இழுத்து இழுத்து வீட்டுக்குக் குடம் சுமந்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவாள். பட்டம் வாங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தாள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முதல்முறை அண்ணன் துணைக்குப் போனான். அடுத்த முறை அந்தத் தேதி வந்தபோது, "இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கப் போகிறாய்?" என்றாராம் அப்பா. அன்று காலையும் தண்ணீர்க் குடத்தை அவள்தான் இறக்கி வைத்திருந்தாள்.