துரையும் சவுக்கும்

புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையே தாம்போதி இல்லாத காலம் அது. கச்சேரியிற் காரியம் உள்ளவன் வள்ளமேறிக் கடல் கடந்தே யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். அங்கே வட மாகாண ஏசண்டுத் துரை. அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானைமார். காணியும் வரியும் வீதியும் அந்தக் கந்தோரிலேயே தீர்மானமாயின. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரேனும் அந்தப் படிநிரையில் இல்லை.

1905 ஜனவரியில் அக்கந்தோருக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் லெனாட் வூல்ஃப், வயது 24, கேம்பிரிட்ஜிற் கற்றவர். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைச் சாடிய சோஷலிச எழுத்தாளர் இவரே. அன்றோ, குதிரையேறிய வெள்ளைத் துரை.

ஒருநாள் யாழ்ப்பாணப் பிரதான வீதியில், தெருவை ஆக்கிரமித்திருந்த ஒரு விறாந்தையை ஏசண்டர் பிறைசுக்குச் சவுக்கினாற் சுட்டிக் காட்டினார். அவ்வழியே வண்டியிற் சென்ற வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் தேசாதிபதிக்கு முறையிட்டது. வூல்ஃப் மறுத்தார். ஆனால், 1961இல் வெளிவந்த தன் வரலாற்றில் வேறோர் உண்மையை ஒப்புக்கொண்டார்: சவுக்கு முகத்திற் படவில்லை, எனினும், அந்நியன் ஒருவன் அதிகாரத்தோடு குதிரைமேல் அவ்வீதியில் வீற்றிருந்ததே அம்மக்களின் முகத்தில் விழுந்த அடிதான்.

1908 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி ஏசண்டரானார். உப்புச் சேகரிப்பைச் சீராக்கினார், பாடசாலைகள் திறந்தார், ஓயாது உழைத்தார். மாடுகளைக் கொள்ளைநோய் பீடித்தபோது, நோயுற்றவற்றையும் கட்டாது திரிந்தவற்றையும் சுடுவித்தார். நோயைத் தடுக்க அது வேண்டியிருக்கலாம். ஆயினும் எருமையை இழந்த ஏழைக் கமக்காரனுக்கு அவர் எமனாகவே தோன்றினார். அவனைக் கேட்டு எதுவும் செய்யப்படவில்லை. கேட்க வேண்டுமென்ற விதியும் இல்லை.

1911இல் விடுமுறையிற் சென்றவர் மறு ஆண்டு பதவியைத் துறந்தார். காதலும் காரணம், ஏகாதிபத்தியத்தின்மேற் பிறந்த ஐயமும் காரணம். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்று தலைமைக்காரனாலும் கடனாலும் நீதிமன்றத்தாலும் அழிவதை 1913இல் நாவலாக்கினார். 1938இல் பிரித்தானியத் தொழிற் கட்சிக்கு வரைந்த குறிப்பில், இலங்கைச் சிறுபான்மையோரின் பாதுகாப்புக்காகச் சுவிற்சர்லாந்து முறைக் கூட்டாட்சியை ஆராயுமாறு கூறினார். சோல்பரி யாப்போ ஒற்றையாட்சியையே நிறுவிற்று.

துரைமாருள் நல்லவரும் இருந்தனர் என்று இன்றும் நம்மிற் சிலர் பெருமூச்செறிவதுண்டு. வூல்ஃப் நல்லவர்தாம். அந்த நல்லவரே தம் அனுபவத்தாற் கண்டு சொன்னது இது: கேள்வி கேட்க மக்களுக்கு உரிமையில்லாத இடத்தில், நல்லவன் கையில் இருந்தாலும் சவுக்கு சவுக்கே.