குளிரிரவில் கிடைத்த விடை

எறும்பினத்தின் தொன்மையை ஆராய்ந்த அறிஞர்க்கு நெடுங்காலம் புதிராக நின்றது ஓர் ஆஸ்திரேலிய எறும்பு. 1931ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் பல்லடோனியாப் பகுதியில் பயணம் செய்தோர் திரட்டிய பூச்சிகளுள் அவ்வினத்து வேலைக்கார எறும்புகள் இரண்டு இருந்தன. 1934இல் ஜான் கிளார்க் அவற்றுக்கு நோத்தோமைர்மீசியா மேக்ராப்ஸ் எனப் பெயரிட்டார். பெரிய கண்களும் நீண்ட தாடைகளும் குளவியை ஒத்த உடலமைப்பும் அதன் பழமையைப் புலப்படுத்தின.

ஆயினும், அதன் கூட்டையோ அரசியையோ கண்டாரில்லை. 1950களில் எட்வர்ட் வில்சன் முதலானோர் தேடியும் வெறுங்கையுடனே மீண்டனர்.

1977 அக்டோபரில் ராபர்ட் டெய்லர் குழுவினர் தெற்கு ஆஸ்திரேலியாவின் பூச்சேரா என்னும் சிற்றூரில் தங்கினர். அது பழைய இடத்துக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. குளிர் மிகுந்த இரவில் யூகலிப்டஸ் மரங்களிடையே கைவிளக்குடன் சென்ற டெய்லர் அவ்வெறும்பைக் கண்டார்!

பின்னர்க் கூடுகளும் அரசியும் கிட்டின. அரசியின் சிறகுகள் குட்டையானவை, பறக்க உதவாதவை. பிற பூச்சிகள் குளிரில் ஒடுங்கும் வேளையில் இவ்வெறும்பு இரைதேடப் புறப்படுகிறது. பகலில் தேடுவோர் கண்ணில் அது படாமைக்குக் காரணமும் விளங்கிற்று. ஓர் உயிரைத் தேடுவோர் அதன் உருவத்தோடு அது நடமாடும் பொழுதையும் அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு மாணவர்க்குப் புகட்டும் பாடம்.