வியூஸ்கானும் சில்வர்பாஸ்டும்: வன்னிக் குடும்பப் படங்களுக்கு எது பொருந்தும்?

வன்னியில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கிறது உடையார்கட்டு. போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரியில் இலங்கை அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிய ஊர். அங்கிருந்து புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, மே மாதத்தில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் சில படங்களையும் சொப்பிங் பையில் சுற்றிக் காத்துவந்தன. அவற்றையும் தொலைத்தவர்களுக்கு மிஞ்சியது, எப்போதோ வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பிய பிரதிகள் மட்டும்.

ஆகவே ஒரு வன்னிக் குடும்பத்தின் படத் தொகுதி இன்று மூன்று துண்டாகக் கிடக்கிறது. ஊரில் ஈரம் பட்ட அச்சுப் படங்கள். எங்காவது ஒரு உறையில் சில நெகட்டிவ் துண்டுகள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ அல்பங்களும், ஒருவேளை ஸ்லைடுகளும். இவற்றை எண்ணிமப்படுத்த முனைகிறவர்கள் ஸ்கானரின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மென்பொருளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் படத்திலிருந்து எதை எடுக்கிறோம், எதை இழக்கிறோம் என்பதில் மென்பொருளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

நல்ல நிலையிலுள்ள படங்களுக்கு ஸ்கானரோடு வரும் மென்பொருளே போதும். பழுதான படங்களும் பிலிமும் வரும்போதுதான் வேறு வழி தேவைப்படுகிறது. அங்கே நெடுங்காலமாக நிலைத்திருப்பவை இரண்டு. ஒன்று, அமெரிக்கரான எட் ஹாம்ரிக் 1998 இல் வெளியிட்ட வியூஸ்கான். மற்றது, ஜெர்மனியின் கீல் நகரில் 1986 இல் தொடங்கப்பட்ட லேசர்சாஃப்ட் இமேஜிங் நிறுவனத்தின் சில்வர்பாஸ்ட்.

உரிமமும் இயந்திரமும்

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இங்கேதான். வியூஸ்கான் உரிமம் ஸ்கானரைப் பார்ப்பதில்லை. 7,000க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு இயங்கும் என்கிறது அதன் நிறுவனம். தயாரித்த கம்பனியே கைவிட்ட பழைய ஸ்கானர்கள் புதிய விண்டோஸில் உயிர்பெறுவது பெரும்பாலும் இதன் புண்ணியத்தில். லினக்ஸ் கணினியிலும் ஓடும். சில்வர்பாஸ்ட் உரிமம் குறிப்பிட்ட ஸ்கானர் மாதிரிக்கென்று விற்கப்படுவது. எப்சன் வி600 க்கு வாங்கியதை வைத்து நாளை ஒரு பிளஸ்டெக் கருவியை இயக்க முடியாது; மறுபடி காசு கட்டவேண்டும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே பொருத்தித் தருவதால், அந்தக் கருவியின் முழு வலுவையும் அது வெளியே கொண்டுவரும்.

ஊரிலே ஸ்கானர் என்பது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, அல்லது கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. பழுதானால் அதே மாதிரி மறுபடி கிடைக்கும் என்று நம்ப முடியாது. இந்த நிலையில் வியூஸ்கான் கைகொடுக்கிறது.

நெகட்டிவ்

நிற நெகட்டிவின் அடியில் செம்மஞ்சள் நிறப் பூச்சு ஒன்று இருக்கும். அதைச் சரியாகக் கழித்தால்தான் முகம் முகமாக வரும். சில்வர்பாஸ்டின் நெகாபிக்ஸ் என்ற நெகட்டிவ் வசதி, கொடாக், புஜி, அக்பா என நூற்றுக்கு மேற்பட்ட பிலிம் வகைகளுக்குத் தயார் அளவுகளை வைத்திருக்கிறது. பிலிமின் பெயரைத் தெரிந்தெடுத்தால் போதும். நன்கு பேணிய பிலிமில் பலன் உடனே தெரியும்.

ஆனால் தகரக் கூரையின் கீழ் வருடக்கணக்காக வெக்கை தின்ற நெகட்டிவ், தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த நிறத்தில் இப்போது இல்லை. புதுப் பிலிமுக்கான அளவு அதற்குப் பொருந்தாது. வியூஸ்கான் இங்கே வேறு வழியில் போகிறது. இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வெறும் பிலிமை வாசித்து, அதன் நிறத்தையே அடிநிறமாகப் பூட்டிவைக்கலாம். அந்தத் துண்டு இன்றிருக்கும் நிலையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. சில்வர்பாஸ்டிலும் கையால் திருத்த இடமுண்டு. அதற்குப் பழக்கம் வேண்டும்.

தூசும் கீறலும்

பிலிமில் இரண்டுமே அகச்சிவப்புக் கதிரால் தூசைக் கண்டுபிடிக்கின்றன. நிறச் சாயத்தை அந்தக் கதிர் ஊடுருவும். தூசையும் கீறலையும் ஊடுருவாது. எது படம், எது அழுக்கு என்று பிரிப்பது இப்படித்தான். ஸ்கானரில் அந்த வசதி இருந்தால் மட்டுமே இது நடக்கும். நுணுக்கத்தில் சில்வர்பாஸ்டின் ஐஎஸ்ஆர்டி என்ற தூசு நீக்கும் வசதி ஒரு படி மேல்: எந்தப் பகுதியில் எவ்வளவு என்று தனித்தனியே வரையறுக்கலாம். அகச்சிவப்பு தடுமாறும் கொடாக்குரோம் ஸ்லைடுகளையும் அது கையாளும். வெளிநாட்டு உறவினர் வீட்டில் கொடாக்குரோம் பெட்டி இருந்தால், சில்வர்பாஸ்டுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

ஒரு எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். மென்பொருள் ஆளின் கண்ணையும் தலைமயிரையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். பழைய ஸ்ரூடியோ நெகட்டிவ்களுக்கு அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

ஈரம் தின்ற படம்

வன்னிக்கு முக்கியமானது இதுதான். ஒரு சாமத்தியவீட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்குக்கு ஆறு அங்குலம். இடது மூலையில் ஈரம் ஏறி மேற்பூச்சு உரிந்திருக்கிறது. உரிந்த ஓரம் மஞ்சளாகி, உள்ளே வெள்ளைக் கடதாசி தெரிகிறது. நடுவில் மடிப்பு. பின்பக்கத்தில் நீலப் பேனையால் எழுதிய பெயர்கள், முன்பக்கத்துக்கு லேசாக ஊறியிருக்கின்றன. தானாகத் திருத்தும் வசதியைப் போட்டால் மடிப்பு மங்கலாம், மஞ்சள் குறையலாம், ஊறிய மையும் போய்விடலாம். படம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கறையும் மடிப்பும்தான் இந்தப் படம் எந்த வழியால் வந்தது என்பதற்குச் சாட்சி. பின்னாளில் ஒருவர் எது பழைய படம், எது கணினி இட்டு நிரப்பியது என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

அதனால் திருத்தாத மூலத்தை எந்த மென்பொருள் ஒழுங்காகத் தருகிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டும் தருகின்றன. வியூஸ்கானின் புரொபெஷனல் பதிப்பில் ரோ கோப்பு; சில்வர்பாஸ்டின் உயர்ந்த பதிப்பில் எச்டிஆர்ஐ கோப்பு. பிலிமானால், இரண்டிலும் நிறத் தகவலோடு அகச்சிவப்புத் தகவலையும் சேர்த்தே வைக்கலாம். ஸ்கானரை மறுபடி தொடாமல் எப்போது வேண்டுமானாலும் அந்த மூலத்திலிருந்து புதிய படம் எடுக்கலாம். வியூஸ்கானில் பிலிம் ஸ்கான் செய்யவும் புரொபெஷனல் பதிப்புத்தான் வேண்டும். வாங்கமுன் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். படத்தின் மேல் அடையாளக் குறி விழும், அவ்வளவுதான்.

அளவையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். நான்குக்கு ஆறு படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2,400க்கு 3,600 புள்ளிகள். 48 பிட் டிஃப் கோப்பு ஏறக்குறைய 52 மெகாபைட். 35 மில்லிமீற்றர் நெகட்டிவை 2,400 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 46 மெகாபைட். ஒரு குடும்பத்தின் 300 படங்களின் முன்பக்கத்துக்கே ஏறக்குறைய 16 ஜிபி வேண்டும்; அதைவிடப் பெரிய பென்டிரைவ் எடுங்கள். வைபருக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப ஜேபெக் பிரதி தனியே இருக்கட்டும்.

கண்ணாடியோடோ அல்பத் தாளோடோ ஒட்டிய படத்தை உரிக்கக்கூடாது. அப்படியே வைத்து ஸ்கான் செய்யவேண்டும். அதற்கு மெல்லிய, மலிவான சிஐஎஸ் வகை ஸ்கானர் சரிவராது. மேற்பரப்பிலிருந்து சற்று உயர்ந்தாலே மங்கும். சிசிடி வகை தாக்குப்பிடிக்கும். இந்தக் குறையை எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய முடியாது.

எதைத் தெரிவது?

வெளிநாட்டில் ஒரே ஸ்கானரோடு, நன்கு பேணிய ஸ்லைடும் பிலிமும் நிறைய வைத்திருப்பவருக்குச் சில்வர்பாஸ்ட். அது படிப்படியாக வழிகாட்டும். நிறத்தில் நேர்த்தி தரும். ஊரில் கிடைத்த கருவியோடு, கலந்துபோன, பழுதான படங்களை எடுப்பவருக்கு வியூஸ்கான். அதன் முகப்பு வறண்டது, தெரிவுகள் அதிகம். ஒருமுறை அமைப்பைச் சேமித்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் தொடர்ந்து செய்யலாம்.

இந்த இரண்டு வீட்டு வேலையும் ஒரே தொகுதியாகச் சேரவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் அனுபவம் காட்டுவதும் இதையே: கோப்புக்குப் பெயர், இடம், காலம் இல்லாவிட்டால் படம் இருந்தும் பயனில்லை. ஆகவே எந்த மென்பொருளானாலும் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். கோப்புப் பெயரை இரு நாட்டிலும் ஒரே ஒழுங்கில் இடுங்கள். திருத்தாத மூலத்தின் ஒரு பிரதி ஊரிலும் ஒன்று வெளியிலும் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்ததால் தொலைத்த அனுபவம் நமக்குப் போதுமான அளவு இருக்கிறது.